ஜெபிக்கத் தெரிந்தவர்களுக்கு ஜெபம்: உகாண்டா நாட்குறிப்பு

முதல் நாள், ஞாயிறு: என்டெபே

விமானம் தாழ இறங்கியபோது விக்டோரியா ஏரி கடலைப்போல விரிந்து கிடந்தது. அதன்மேல் கரும்பச்சைத் திட்டுகளாகத் தீவுகள். அவற்றுள் கோமே எது என்று சன்னலோர இருக்கையிலிருந்து தேடிப் பார்த்தேன், அடையாளம் தெரியவில்லை. அந்தத் தீவைத் தேடியதற்குக் காரணம் உண்டு. அதை வகுப்பில் சொல்லும் நாளில் இங்கும் எழுதுகிறேன்.

என்டெபேயிலிருந்து கம்பாலாவுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதைத் தாண்டிக் கிழக்கே, ஜின்ஜாவுக்குப் போகும் சாலையில் முகோனோ இருக்கிறது. 'போடா போடா' என்று இங்கு அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்கள் கம்பாலா நெரிசலில் எங்கள் வண்டியின் இரு புறமும் எறும்புச் சாரைபோல ஊர்ந்து முந்திக்கொண்டே இருந்தன. வாழைத் தோட்டத்தின் நடுவே, ஒரு குன்றின்மேல் இருக்கும் தியான இல்லத்துக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

நாளை முதல் ஐந்து நாள்கள் 31 சபைத் தலைவர்களுக்கு ஜெபத்தைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டும். அவர்களில் குருவானவர்கள், உபதேசியார்கள், தாய்மார் சங்கத்தை நடத்தும் பெண்கள், பெந்தெகொஸ்தே போதகர்கள் இருவர் என எல்லாரும் உண்டு. அழைப்புக் கடிதத்தில் 'ஆன்மிக உருவாக்கம்' என்று எழுதியிருந்தார்கள். சொல் கனமானது, பொருள் எளியது: ஊழியம் பெருகப் பெருக அதைச் செய்கிறவரின் உள்ளமும் வளர்கிறதா, தேய்கிறதா என்று பார்ப்பதுதான் அது. என் பையில் 48 பக்கக் குறிப்புகள் தயாராக இருக்கின்றன.

இரண்டாம் நாள், திங்கள்

வகுப்பு இரண்டு மணிக்கு என்று நேற்றிரவு இல்லத்துப் பணியாளர் சொன்னார். பயணக் களைப்புக்கு நல்லதாயிற்று என்று படுத்தவனைக் காலை எட்டு மணிக்கு வந்து எழுப்பினார்கள். எல்லாரும் மண்டபத்தில் காத்திருந்தார்கள். லுகாண்டா மொழியில் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. நம்முடைய ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரையில் பிறந்த எனக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும். தலை வாராமல் போய் நின்றேன்.

தொடக்க ஜெபத்தை ஒருவர் நடத்துவார் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபித்தார்கள். இருபது நிமிடங்களுக்கு மேல், தரை அதிர, கண்ணீரும் கைதட்டலுமாக நடந்த அந்த ஜெபத்தில் நான் இரண்டாவது நிமிடத்திலேயே சொற்கள் தீர்ந்துபோய் நின்றேன். இவர்களுக்கு ஜெபத்தைப் பற்றி 48 பக்கங்கள் கொண்டுவந்தவன் நான்.

ஆகவே முதல் பாடத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: 'கேட்பதற்கு மனிதர் யாருமில்லாத இடத்தில் கடைசியாக எப்போது ஜெபித்தீர்கள்?' பெயர் எழுதாமல் பதிலை மட்டும் எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போடச் சொன்னேன். இடைவேளையில் படித்துப் பார்த்தபோது, இந்த வாரத்தில் என்று எழுதியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. நினைவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் விவரமாக எழுதியிருந்தார்: 'பேராயரைப் பார்க்கப் போகும் வழியில், வண்டிக்குள், பயத்தினால்.' நானும் ஒரு தாள் எழுதிப் போட்டிருந்தேன். அது பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டது.

மாலையில் மொழிபெயர்ப்பாளரிடம் ஜெபத்துக்கு லுகாண்டாவில் என்ன சொல் என்று கேட்டேன். 'ஒகுஸபா' என்றார். அதற்குக் கேட்பது என்றும் பொருள். கடையில் உப்புக் கேட்பதற்கும் கடவுளிடம் மழை கேட்பதற்கும் அதே வினை. நம் 'விண்ணப்பம்', 'மன்றாட்டு' என்ற சொற்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். கேட்பதில் குறையொன்றும் இல்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலேயே அப்பம் கேட்கிறோம். ஆனால் சபைத் தலைவர் நாள் முழுவதும் பிறருக்காகக் கேட்டுக் கேட்டு, கடவுளிடம் வேறெதற்கும் போகாதவராகிவிடுகிறார். இந்த வாரத்தின் வேலை எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று மௌனம். குறிப்பில் இது ஐந்தாவது பாடம், முன்னால் கொண்டுவந்தேன்.

'இருபது நிமிடம் மௌனமாக இருப்போம்' என்று நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் 'முஸிரிகே' என்று தொடங்கி மொழிபெயர்த்தார். மண்டபம் முழுவதும் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிரம்பைத் தட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் சொல்லாம் அது. சிரிப்பு அடங்கியதும் பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர் எழுந்தார். 'ஐயா, நான் பேசாமல் நின்றால், என்னிடம் ஒன்றுமில்லை என்று என் சபையார் நினைத்துக்கொள்வார்கள்' என்றார். அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு போதகரின் அபிஷேகத்தைக் குரலின் வலிமையால் அளக்கிற இடத்தில், மௌனம் என்பது தோல்வியை ஒப்புக்கொள்வதைப் போன்றது. என்னிடம் அதற்கு உடனடிப் பதில் இருக்கவில்லை.

தாய்மார் சங்கத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மெல்லப் பேசினார். பெரிய விருந்தாளி ஒருவர் வீட்டுக்கு வந்தால் நாங்கள் நின்றுகொண்டு பேச்சைத் தொடங்குவதில்லை. அவரை உட்காரவைத்து, நாங்களும் பாய் விரித்து அருகே உட்காருவோம். பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். இந்த ஐயா சொல்வது வாயை மூடுவதைப் பற்றி அன்று, உட்காருவதைப் பற்றி என்று நினைக்கிறேன் என்றார். அவர் சொன்ன வினை 'ஒகுட்டூலா', உட்காருதல்.

எனக்கு உடனே நம் வேதாகமம் நினைவுக்கு வந்தது. 46ஆம் சங்கீதத்தில் 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்று இருக்கிறது. தமிழில் 'அமர்' என்றால் உட்கார் என்றும் பொருள், அடங்கு என்றும் பொருள். காற்று அமர்ந்தது, சினம் அமர்ந்தது என்கிறோம். எலியாவுக்கு ஓரேப் மலையில் பெருங்காற்றுக்கும் பூமியதிர்ச்சிக்கும் அக்கினிக்கும் பிறகு கேட்டதை 'அமர்ந்த மெல்லிய சத்தம்' என்று எழுதியவர்கள் அதே வேரைத்தான் எடுத்தார்கள். சிறுவயதிலிருந்து வாசித்த வசனங்கள். அந்தச் சொல்லுக்குள் ஓர் இருக்கை போட்டிருப்பதை, அதே தமிழைக் கேட்டறியாத ஒரு பெண் தன் வீட்டுப் பாயைப் பற்றிப் பேசும்போதுதான் கவனித்தேன். மூதாட்டிக்கு இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

இருபதைப் பத்து நிமிடங்களாகக் குறைத்து உட்கார்ந்தோம். பிறகு என்ன நடந்தது என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒரு பட்டியலாக மனத்துக்குள் போட்டு முடித்துவிட்டதாக ஒரு குருவானவர் சொன்னார். ஒருவர் தூங்கிவிட்டதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். எலியா அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் சூரைச்செடியின் கீழ் இரண்டு முறை படுத்தவன் என்பதை நினைவூட்டினேன். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். அறிவுரையாகச் சொன்னதைவிட இந்தக் கதை நன்றாக வேலை செய்தது. பிற்பகலில் மூன்று பேர் தாங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறோம் என்று சொல்ல வந்தார்கள். ஜெபத்தைப் பற்றிய பாதிப் பேச்சு கடைசியில் தூக்கத்தைப் பற்றியதாக இருந்தது.

நாலு மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையின்மேல் விழுந்த அந்த மழையில் ஒலிபெருக்கி வைத்தாலும் பயனில்லை. முக்கால் மணி நேரம் ஒரு பாடமும் நடக்கவில்லை.

நான்காம் நாள், புதன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'முஸிரிகே' என்பது முரட்டுச் சொல் அல்லவென்றும், சொல்லும் தொனியைப் பொறுத்ததென்றும் மொழிபெயர்ப்பாளர் இன்று வருத்தத்தோடு சொன்னார். பழியை என் பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

இன்றைய பாடம் வேதத்தை வாசித்து ஜெபிப்பது. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ இதை நான்கு படியுள்ள ஏணியாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், கடவுளை நோக்கி இளைப்பாறுதல். அவருடைய உவமை உணவைச் சார்ந்தது. வாசிப்பது கவளத்தை வாயில் வைப்பது, தியானம் மெல்லுவது, ஜெபம் சுவையை அறிவது, கடைசிப் படி அந்த இனிமையே. இலத்தீன் பெயர்களைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கியபோது ஓர் உபதேசியார் கையை உயர்த்தினார். 'எங்கள் பாட்டனார் காலத்தில் கிறிஸ்தவர்களை அபஸோமி என்றுதான் சொன்னார்கள், வாசிக்கிறவர்கள் என்று பொருள். ஒகுஸோமா என்றால் வாசிப்பது. சபைக்குப் போய் வழிபடுவதற்கும் அதே சொல்' என்றார். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் விசுவாசத்துக்காக எரிக்கப்பட்ட அரண்மனை இளைஞர்களும் அந்தப் பெயரால் அறியப்பட்ட கூட்டத்தார்தாம். வாசிப்பும் ஜெபமும் ஒரே வினைச்சொல்லில் அடங்கிவிட்ட ஊரில் நான் இலத்தீன் எழுதிக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டேன்.

ஆனால் பயிற்சி சுலபமாக நடக்கவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் ஏழு வசனங்களைக் கொடுத்து, அரை மணி நேரம் மெல்லுங்கள் என்றேன். பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் மூன்று குறிப்புகளுள்ள பிரசங்கமாக அதை மாற்றிவிட்டார்கள். வசனத்தைப் பார்த்ததும் சபைக்கு என்ன சொல்லலாம் என்று கை தானாக எழுதுகிறது. இது எல்லா நாட்டுப் பிரசங்கிகளுக்கும் உள்ள நோய். சமையற்காரருக்குப் பசி எடுக்காமல் போவதைப் போன்றது. பேனாக்களை வாங்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். இந்த முறை அறையில் ஒரு பதற்றம் இருந்தது, அது நல்ல அறிகுறி.

இப்போது கோமே தீவு. ஜார்ஜ் பில்கிங்டன் என்ற அயர்லாந்து ஊழியர் 1890களில் இங்கு லுகாண்டா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். முழு வேதாகமம் 1896இல் வெளிவந்தது. மொழியறிவில் அவருக்கு நிகராக அன்று இங்கு வந்தவர்களில் யாரையும் சொல்வதில்லை. அப்படிப்பட்டவர், மூன்றாண்டு ஊழியத்துக்குப் பிறகு உள்ளம் வறண்டு, வேலையை விட்டுவிடும் நிலையில் 1893 டிசம்பரில் கோமே தீவுக்குத் தனியே போனார். அங்கே அவர் கையில் இருந்தது, தமிழ் டேவிட் என்று ஆங்கிலேயரிடையே அறியப்பட்ட தமிழ்ச் சுவிசேஷகர் எழுதிய ஒரு சிறு புத்தகம். தம் வாழ்க்கை சரியாக இல்லை என்பதை அது காட்டிற்று என்று பில்கிங்டனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் கம்பாலாவிலுள்ள மெங்கோவுக்குத் திரும்பி வந்ததும் முதலில் செய்தது, தம் குறையைச் சபையார்முன் ஒப்புக்கொண்டதுதான். தொடர்ந்து வந்த மாதங்களில் சபைகளில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. 1897இல் சூடானியப் படைவீரர்களின் கலகத்தில் அவர் கொல்லப்பட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு தமிழன் என்ற பெருமை எட்டிப்பார்க்காமல் இல்லை. ஆயினும் நான் அதைச் சொன்னது வேறொன்றுக்காக: ஒரு மொழிக்கே வேதச் சொற்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தம் சொற்கள் போதாமல் போன நாள் வந்தது. அவர் அதை மறைத்துக்கொண்டு மேலும் பேசவில்லை, படகேறிப் போனார். திங்கட்கிழமை தம் சபையாரைப் பற்றிக் கவலைப்பட்ட பெந்தெகொஸ்தே போதகர், எத்தனை நாள் அங்கே இருந்தார் என்று கேட்டார். சில நாள்கள்தாம் என்றேன். 'சபையை யார் பார்த்துக்கொண்டது?' என்று அடுத்த கேள்வி வந்தது. (மேலே திங்கள் என்றது பிழை, அவர் அதைக் கேட்டது செவ்வாயன்று.)

ஐந்தாம் நாள், வியாழன்

பகலில் மின்சாரம் இல்லை. பாடம் மாமர நிழலில் நடந்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

மாலையில், கழிந்த பகலைத் திரும்பிப் பார்க்கும் ஜெபத்தைத் தொடங்கினோம். 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் இதைத் தம் தோழர்களுக்குக் கட்டாயமாக்கினார்: நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, அன்றைய பொழுதை மணிவாரியாகப் பார்த்து, பிழைக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கான தீர்மானம் எடுப்பது. மூன்று நாள் பாடம் படித்தவனாகையால், படிகளை எழுதுவதற்கு முன்னால், மாலையில் சந்திக்கும்போது என்ன சொல்லி வாழ்த்துவீர்கள் என்று கேட்டேன். 'ஒஸீப்யே ஒட்யா?' என்று ஒரே குரலில் சொன்னார்கள். பகலை எப்படிக் கழித்தீர்கள் என்று பொருள். காலையில் 'வாஸூஸே ஒட்யா?', இரவை எப்படிக் கழித்தீர்கள். அந்தக் கேள்வியை இன்றிரவு கடவுள் கேட்பதாக வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதுபோல 'நலம்' என்று கடந்துவிடாமல், உண்மையான பதிலைச் சொல்லிப் பாருங்கள் என்றேன். பகலைக் கழித்தல் என்ற வினைக்கு உபவாசமிருத்தல் என்றும் பொருளுண்டு என்று மொழிபெயர்ப்பாளர் சேர்த்துக்கொண்டார். பல்லில்லாத ஒருவர் சிரித்தார்: 'அப்படியானால் மதியச் சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.'

இந்த இடத்தில் ஓர் எதிர்ப்பும் வந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கிராமச் சபையில் பணிபுரியும் பெண் குருவானவர் ஒருவர் கேட்டார்: இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்று நேற்று வாசித்தோம், என் கதவை ஐந்து மணிக்கு விதவைகள் வந்து தட்டுகிறார்கள், நான் எங்கே போவேன்? அந்தப் பகுதியின் அடுத்த வசனங்களை வாசித்தோம். சீமோன் தேடிக்கொண்டு வந்து, 'உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்' என்கிறான். இயேசு அவனோடு கப்பர்நகூமுக்குத் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடியவர்களில் சிலர் அன்று ஏமாந்திருப்பார்கள். இதை நான் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் தெளியவில்லை. 'அவர் அடுத்த ஊருக்குப் போகலாம். எனக்கு இருப்பது இந்த ஊர்தான்' என்றார். அவர் சொன்னது சரி. அவருக்காக ஒரு தீர்வைக் கண்டுபிடித்தது நான் அல்லன், பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்: வாரத்தில் ஒரு நாள் தட்டுகிற கதவுக்குத் தாம் வந்து இருப்பதாகச் சொன்னார். இருவரும் ஒருவருடைய தொலைபேசி எண்ணை மற்றவர் குறித்துக்கொண்டார்கள்.

இரவில் 'பலோகோலே' ஐக்கியக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். மீட்கப்பட்டவர்கள் என்று பொருள். 1930களில் பரவிய கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலின் பிள்ளைகள் இவர்கள். 1941இல் இதே முகோனோவின் இறையியல் கல்லூரியிலிருந்து எழுப்புதலைச் சேர்ந்த மாணவர்கள் 26 பேர் வெளியேற்றப்பட்டார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து ஜெபித்ததும் பிரசங்கித்ததும் அந்தத் தகராறில் ஒரு பங்கு. ஒவ்வொருவராக எழுந்து பாவ அறிக்கை செய்வதும், முடிவில் எல்லாரும் 'டுகுடெண்டெரெஸா' என்ற துதிப் பாட்டைப் பாடித் தழுவிக்கொள்வதும் இன்றும் தொடர்கிறது. திரும்பும் வழியில், உட்காருவதைப் பற்றிப் பேசிய அதே மூதாட்டி சொன்னார்: என் தாயார் காலத்தில் அறிக்கை செய்யும்போது குரல் நடுங்கும், இப்போது நன்றாகப் பேசத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள், வெள்ளி

புலம்பல் சங்கீதங்களைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். 88ஆம் சங்கீதம் துதியாகத் திரும்பாமலேயே முடிந்துவிடுகிறது. அதை வாசித்து முடித்ததும், எப்போதும்போல 'ஆமென்' வரவில்லை.

வடக்கிலிருந்து, அச்சோலிப் பகுதியிலிருந்து வந்திருந்த உபதேசியார் ஒருவர் ஐந்து நாளும் ஒன்றும் பேசாதவர். போர்க்காலத்தில் முகாமில் வளர்ந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே தினமும் ஜெபக் கூட்டம் இருந்தது என்றார். துதிப் பாட்டு மட்டுமே பாடுவோம், முறையிட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும். வேதத்தில் இப்படி ஒரு சங்கீதம் இருக்கிறதென்று எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானும் உபதேசியாராகிப் பதினொரு ஆண்டுகளாக யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. பேராயர் ஜனானி லுவும் எங்கள் பகுதியில் பிறந்தவர், 1977இல் இடி அமீன் ஆட்சியில் கொல்லப்பட்டார், அவருக்காக ஆண்டுதோறும் நன்றி செலுத்துகிறோம், அழுவதில்லை என்றார். என் குறிப்பில் அடுத்து, முறையீடு நம்பிக்கையாக மாறும் விதம் என்ற பகுதி இருந்தது. அதை எடுக்கவில்லை. மூதாட்டி எழுந்து போய் அவர் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். வகுப்பு அப்படியே மதியம் வரை நீண்டது.

பிற்பகலில் கருத்துக் கேட்டோம். குறிப்புகளை லுகாண்டாவில் அச்சிட்டுத் தர வேண்டும், மௌன நேரம் அதிகம், அடுத்த முறை பிரசங்கக் கலையையும் சேர்க்க வேண்டும் என்று வந்தது. திங்கட்கிழமைக் கேள்வியை மறுபடி கொடுத்து, தாள்களை அதே பெட்டியில் போடச் சொன்னேன். பெட்டி நிறைந்ததும் அதை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனவன், திறக்காமல் திரும்பி வந்து, சமையல்கட்டில் அடுப்பெரிக்கும் பெண்ணிடம் கொடுத்தேன்.

ஏழாம் நாள், சனி

விமானம் மாலையில். போகும் வழியில் கம்பாலாவின் நமிரெம்பேக் குன்றில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முந்தைய ஆலயம் 1910இல் மின்னல் தாக்கி எரிந்தது. செங்கல்லில் கட்டிய இன்றைய பேராலயம் 1919இல் நிறைவேறியது. 1929இல் இந்தக் குன்றில்தான் மிஷனரி மருத்துவர் ஜோ சர்ச்சும் சிமியோனி நிசிபாம்பியும் சந்தித்து இரண்டு நாள் வேதம் வாசித்து ஜெபித்தார்கள். எழுப்புதலின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது வழக்கம்.

உள்ளே யாருமில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, என்டெபே சாலையில் நெரிசல் இருக்கும் என்றார்.

என்னை அனுப்பியவர்களின் அறிக்கைப் படிவத்தை விமான நிலையத்தில் நிரப்பினேன். பங்கேற்றோர் 31, வகுப்புகள் 17. 'ஜெப வாழ்வில் முன்னேற்றம் கண்டோர் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பவில்லை. விமானம் ஏறிய பிறகு சன்னலோரம் கிடைத்தது. ஏரியின் மேல் மேகம் மூடியிருந்ததால் தீவுகள் தெரியவில்லை.